சிக்னல் மேடு: மேல்மலை நாட்குறிப்பு

ஜனவரி 5, ஞாயிறு

கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் மன்னவனூரில் காலை ஆறரை மணிக்குத்தான் பாதை கண்ணுக்குப் புலப்படத் தொடங்குகிறது. தலைவிளக்கை மாட்டிக்கொண்டு அதற்கு முன்பே கிளம்பலாம் என்றால் பெரியப்பா கதவைத் திறக்க விடமாட்டார். இரவெல்லாம் தோட்டத்து ஓரங்களில் மேயும் காட்டுமாடுகள் வெளிச்சம் வந்த பிறகுதான் காட்டுக்குள் ஏறும் என்பது அவருடைய கணக்கு. வீட்டுக்குப் பின்னாலிருந்து பூண்டுப் பாத்திகளுக்கும் கேரட் பாத்திகளுக்கும் நடுவே ஒரு ஜீப் தடம் போகிறது. அது பைன் காட்டின் விளிம்பில் முடிந்து ஒற்றையடிப் பாதையாகிறது. கொஞ்ச தூரத்தில் அந்தப் பாதையும் இரண்டாகப் பிரிகிறது. இடது கை ஏரிக்கு இறங்குகிறது. வலது கை மேட்டுக்கு ஏறுகிறது. மேட்டின் உச்சியில் ஒரு பாறை இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் என் போனில் இரண்டு கோடு வரும் இடம் அது ஒன்றுதான்.

இன்று வலது கை.

ஜனவரி 6, திங்கள்

மேடு. மதுரையிலிருந்து ஒன்றும் இல்லை.

ஜனவரி 7, செவ்வாய்

இன்று இடது கை. ஏரியைப் பார்க்காமல் இத்தனை நாள் இருந்தது எனக்கே பொறுக்கவில்லை.

மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறேன். உடம்பால் அறிந்தது இன்றுதான். பைன் காட்டுக்குள் ஓடும்போது கையுறை கூடத் தேவைப்படவில்லை. ஏரிக்கரைக்கு இறங்கும் கடைசி வளைவில் முதலில் முழங்காலில் குளிர் ஏறியது, பிறகு இடுப்பில், பிறகு காதில். சரிவில் புல் பச்சையாக இருக்க, கரையோரத்துப் புல் முழுவதும் வெளுத்துக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். புல்லின் விளிம்பில் மட்டும் உப்புப் பரல்களைப் போல வரிசையாகப் பனி உறைந்திருந்தது. நடு நரம்பில் இல்லை. கால் வைத்த இடமெல்லாம் நொறுங்கியது, கருந்தடம் விழுந்தது. திரும்பி வரும்போது என் தடத்தின் மேலேயே ஓடினேன்.

கரைக்கு எதிர்ப்புறச் சரிவில் ஆட்டுப் பண்ணையின் ஆடுகளை மேய்ச்சலுக்கு விட்டிருந்தார்கள். மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் அது. பாரத் மெரினோ என்ற, ரோமத்துக்காக வளர்க்கும் இனம். அடர்ந்த ரோமத்தோடு அவை அசையாமல் நின்று வெயிலுக்குக் காத்திருந்தன. காத்திருப்பதில் அவற்றுக்குப் பதற்றம் எதுவும் தெரியவில்லை.

ஏரியில் போன் செத்த பொருள். அங்கிருந்த நேரம் முழுவதும் கை சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டேதான் இருந்தது.

ஜனவரி 8, புதன்

தொடை கல்லாகிவிட்டது. ஏற்றம் மூச்சைத்தான் கேட்கிறது. இறக்கம் தசையைக் கேட்கிறது. உடம்பின் எடையை ஒவ்வோர் அடியிலும் பிடித்து நிறுத்துகிற வேலை தொடையின் முன்தசைக்கு. அது நீண்டுகொண்டே இறுக வேண்டியிருப்பதால் இழைகள் நுணுக்கமாகக் கிழிகின்றன. வலி அப்போதே வராமல் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வருகிறது. மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் வட்டமடித்துப் பழகிய காலுக்கு இது தெரியாத பாடம். மூச்சுக்கும் வேறு காரணம் உண்டு: கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தமே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. வந்த புதிதில் மேட்டின் பாதியில் நின்று நின்று ஏறினேன். இப்போது நிற்பதில்லை, ஆனால் மெதுவாகத்தான்.

ஓடவில்லை, நடந்தே பாறைக்குப் போனேன். தம்பி பேசினான். அறிக்கை வெள்ளிக்கிழமை வரும் என்கிறார்களாம்.

ஜனவரி 10, வெள்ளி

பொங்கல் விடுமுறை முடிந்த பிறகாம்.

மேட்டில் நின்று அதைக் கேட்டுவிட்டு, இறங்கக் கூடாத வேகத்தில் இறங்கினேன். பைன் சருகு காய்ந்திருந்தாலும் வழுக்கும். ஊசி ஊசியாக ஒரே திசையில் படிந்து கிடப்பதால் குதிகாலை ஊன்றினால் கால் தன் போக்கில் போய்விடும். பாதம் முழுவதையும் வைத்துச் சின்னச் சின்ன அடியாக, கண்ணை மூன்று நான்கு அடி முன்னால் வைத்து இறங்க வேண்டும். இன்று அதையெல்லாம் மதிக்கவில்லை, விழவும் இல்லை. விழுந்திருந்தால் யாரையாவது திட்டுவதற்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

பெரியம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிட்டிருந்த விதைப் பூண்டுக் கட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஜனவரி 12, ஞாயிறு

எட்டு மணிக்கு அழைப்பதாகத் தம்பி சொல்லியிருந்தான். ஏழே முக்காலுக்கு மேட்டின் கடைசி வளைவில் இருந்தேன். பாதையில் சாணம் கிடந்தது. அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஓட்டத்தை நிறுத்திவிட்டேன்.

பைன் வரிசை முடிந்து வாட்டில் கன்றுகள் மண்டியிருந்த ஓரத்தில் தனிக் கடா நின்றது. கூட்டத்தில் மேயும் காட்டுமாடுகள் மனிதரைக் கண்டால் பெரும்பாலும் தாமே விலகிவிடும். தனிக் கடாவைப் பற்றித்தான் இங்கே எல்லோரும் எச்சரிக்கிறார்கள். ஆயிரம் கிலோ வரை எடை வரும் விலங்கு. பழுப்பும் கருப்புமான உடம்பு, முழங்காலுக்குக் கீழே நான்கு கால்களும் வெள்ளை, முதுகில் மேடிட்ட திமில். தலையைத் தாழ்த்தாமல் என்னையே பார்த்தது. மூக்கிலிருந்து புகை விட்டு விட்டு வந்தது. இடது காதின் விளிம்பு கிழிந்திருந்தது, அந்தக் காதை மட்டும் அசைத்தது. முதுகைக் காட்டாமல் பின்னால் நகர்ந்து, தடித்த பைன் மரம் ஒன்றின் மறைவுக்குப் போனேன். காட்டுமாட்டின் முன்னால் ஓடக் கூடாது என்பதைப் பெரியப்பா முதல் நாளே சொல்லியிருந்தார். ஓடுவதற்காகவே வந்தவளிடம் அதைச் சொல்கிறோமே என்று அவரே சிரித்தும் வைத்தார்.

எட்டு மணி கடந்தது. அது வாட்டில் இலையைத் தின்னத் தொடங்கியது. தோல் பதனிடப் பட்டை வேண்டுமென்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம் புல்வெளியையெல்லாம் தின்றுகொண்டிருக்கிறது, அதைத் தின்ன ஒரு வாயாவது இருக்கிறதே என்று நினைத்தேன். பாறை அதற்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பாறையில் இரண்டு கோடு இருந்தது. எட்டு இருபதுக்குத்தான் அது சரிவில் இறங்கியது.

தவறிய அழைப்புகள் என்ற செய்தி வந்து கிடந்தது. திரும்ப அழைத்தேன். புதிதாக ஒன்றும் இல்லை, அம்மா பொங்கலுக்கு என்ன செய்வது என்று கேட்கச் சொன்னாள் என்றான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஓடவில்லை. ஏறி மட்டும் வந்தேன்.

ஜனவரி 16, வியாழன்

மருந்து வாங்கக் கொடைக்கானலுக்குப் போக வேண்டியிருந்தது. காணும் பொங்கல் என்பதை மறந்தே கிளம்பினோம். பெரியப்பா வேலையை முடிக்கும் வரை ஏரியைச் சுற்றி ஓடினேன். ஓடினேன் என்பது மிகை. ஐந்து கிலோமீட்டர் சாலை முழுவதும் வாடகை சைக்கிளும் குதிரையும் காரும் சோளக்கதிர் வண்டியும். தார்ச்சாலையில் முழங்கால் உடனே முணுமுணுத்தது. 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவின்ஜ் ஓடையை மறித்துக் கட்டிய ஏரி இது. கைகளை நான்கு பக்கமும் விரித்துக் கிடப்பதால், எதிரே தெரியும் கரைக்குப் போகவும் ஒவ்வொரு கையையும் சுற்றித்தான் வர வேண்டும். ஓட்டக்காரருக்கு எரிச்சல் தரும் வடிவம். எனக்கு அதுவல்ல எரிச்சல். இங்கே போனில் நான்கு கோடும் நிறைந்திருந்தது, சுற்று முழுவதும் நிறைந்திருந்தது, ஒரு வளைவில்கூட அது என்னை விடவில்லை.

பேரிஜம் ஏரிப் பக்கம் ஓட முடியுமா என்று விசாரித்தேன். வனத்துறை அனுமதிச் சீட்டோடு வண்டியில் போய்வரத்தான் விடுவார்கள்; யானை நடமாட்டம் என்றால் அதுவும் கிடையாது. பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி, காட்டுக்கு நடுவே இருக்கிறது, விடாததே சரி. ஆனாலும் அதைக் கடந்து மூணாறு வரை போன பழைய சாலை இப்போது போக்குவரத்தின்றிக் கிடப்பதைக் கேட்டதிலிருந்து கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஜனவரி 18, சனி

அழைப்பு இல்லை. மேட்டிலிருந்து இறங்காமல் முதுகெலும்பு போன்ற குன்றின் மேலேயே வடக்கே ஓடினேன். பைன் முடிந்ததும் புல்வெளி; ஓடுவதற்கு அதைவிட நல்ல தரை கிடையாது, கால் அமுங்கி எழுகிறது. இரண்டு குன்றுகள் சேரும் மடிப்பில் மட்டும் சிறியதொரு சோலைக்காடு மிஞ்சியிருக்கிறது. குட்டை மரங்கள், கிளையெல்லாம் பாசி, உள்ளே நுழைந்ததும் வெளிச்சமும் சத்தமும் ஒருசேரக் குறைகின்றன. மழை பெய்து இத்தனை நாளாகியும் அதன் அடியிலிருந்து விரல் கனத்துக்குத் தண்ணீர் கசிந்து ஓடிக்கொண்டிருந்தது. யூக்காலி நட்ட சரிவில் இப்படி ஒரு கசிவை நான் இதுவரை பார்க்கவில்லை.

புல்வெளியின் ஓரம் முழுவதும் குறிஞ்சிப் புதர்கள், பூவில்லாமல். கொடைக்கானல் மலையில் 2006-இல் பூத்தது, பிறகு 2018-இல். 2018-இல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தோம்; ஏற முடியவில்லை என்று பாதியிலேயே உட்கார்ந்துகொண்டு, இங்கிருந்தே நீலமாகத்தானே தெரிகிறது, இன்னும் மேலே எதற்கு என்றாள். பெரியம்மாதான் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார். ஒடிக்கக் கூடாது என்று அதற்கும் திட்டினாள். அடுத்தது 2030. அதற்கு மேல் கணக்குப் போடவில்லை. ஓடினேன்.

ஜனவரி 19, ஞாயிறு

பருவம் தவறிய மழை. ஷூவை அடுப்போரம் காயவைக்காதே, பசை விட்டுப்போகும் என்று பெரியப்பா கடிந்துகொண்டார்.

ஜனவரி 20, திங்கள்

ஏரி. வேண்டுமென்றே.

ஜனவரி 21, செவ்வாய்

தம்பி குரல் சரியில்லை. கேட்டால் சளி என்கிறான். அறிக்கை கைக்கு வந்துவிட்டது, ஆனால் டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை எதையும் பேச வேண்டாம் என்கிறான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டு என்றேன், எனக்கு என்ன புரியும் அக்கா என்றான். அவனுக்குப் புரியும். மருந்துக் கடையில் வேலை பார்த்தவன். இதை எண்ணிக்கொண்டே இறங்கியதில் பிரிவு எப்போது வந்தது, தோட்டம் எப்போது வந்தது என்று தெரியவில்லை. பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், “ஏன் பாப்பா, இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம்?” என்று கேட்டபோதுதான் நின்றேன்.

நாளை காலை எட்டரைக்கு அழைப்பானாம், டாக்டரின் அறையிலிருந்தே. குக்கல் பக்கம் நீண்ட ஓட்டம் போவதாக இருந்தேன். எட்டரைக்குப் பாறையில் இருக்க வேண்டுமானால் அது நடக்காது. ஆறரைக்குக் கிளம்பி இடது கையில் இறங்கி, ஏரியை ஒட்டி ஒரு சுற்று வந்து, பைன் காட்டுக்குள் புகாமல் ஆட்டுப் பண்ணை வேலி ஓரமாக நேராக மேட்டில் ஏறினால் எட்டுக்குள் போய்விடலாம். செங்குத்து ஏற்றம்தான், ஆனால் இன்றைய தூறலில் சருகு ஊறியிருக்கும், அந்தப் பாதையை நம்ப முடியாது. தனிக் கடாவை நேற்று வேலிப் பக்கம் பார்த்ததாகப் பெரியப்பா சொல்கிறார். அப்படியென்றால் ஜீப் தடம். போனை இரவே சார்ஜில் போட வேண்டும், கரண்ட் இருந்தால்.