அச்சில் வராத தாள்கள்

இயற்பியல், எலக்ட்ரானிக்ஸ் இரண்டிலும் கைதேர்ந்த ஒரு பேராசிரியரின் காகிதங்கள் எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வந்தபோது, எல்லோரும் அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரைகளைத்தான் கேட்டார்கள். அச்சான கட்டுரை எங்கேயும் போய்விடாது, ஏதாவது ஒரு நூலகத்தில் அந்த ஜர்னல் இருக்கும், அதற்குப் பட்டியல் போட்டால் போதும். லேப் நோட்டும் சர்க்யூட் வரைந்த தாளும் கருவி கோடு கோடாகப் பதித்த சார்ட் சுருளும் போனால் போனதுதான்.

சத்துவாச்சாரியில் அவர் வீட்டுப் பரணில்தான் எல்லாம் இருந்தது. வேலூர் வெயில், மேலே காங்கிரீட் தளம், கேட்கவே வேண்டாம். ரப்பர் பேண்டுகள் உருகித் தாளோடு ஒட்டியிருந்தன, ஸ்டேப்ளர் பின்கள் துருப்பிடித்திருந்தன. பின்னைப் பிடித்து இழுத்தால் தாள் கிழியும், மெல்லிய தகட்டை அடியில் கொடுத்துக் கால்களை நிமிர்த்தித்தான் எடுக்க வேண்டும். செல்லோடேப், லாமினேஷன் இரண்டும் கூடவே கூடாது. தெர்மல் தாளில் பதிவான சுருள்களை முதலில் ஸ்கேன் செய்தோம், ஏனென்றால் அந்த எழுத்து சூட்டில் பிறந்தது, சூட்டிலேயே கெட்டும் போகும்.

"தம்பி, இந்த ரசீதையெல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடலாமா?" என்று அவர் மனைவி கேட்டார். வேண்டாம்மா என்றேன். சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கிய ரசீதுகள் அவை. தேதியே போடாத சர்க்யூட் தாள்களுக்கு அவற்றை வைத்துத்தான் வருஷம் கண்டுபிடித்தோம்.

ஒரு தாளைச் சொல்லியே ஆக வேண்டும். மங்கலான ஒளியையும் மின்னோட்டமாக மாற்றும் போட்டோமல்டிப்ளையர் குழாயிலிருந்து வரும் சின்னஞ்சிறு மின்னோட்டத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர். அதன் மின்தடையை 10 மெகாஓம் என்று எழுதி, அடித்துவிட்டு, 100 மெகாஓம் என்று மாற்றியிருக்கிறார். அப்படிப் போட்டால் 1 நானோஆம்பியருக்கு 0.1 வோல்ட் கிடைக்கும். ஆனால் ஓரத்தில் பென்சிலால் 'மழை, லீக்கேஜ்' என்று இருக்கிறது. ஈரப்பதத்தில் போர்டின் மேலேயே மின்னோட்டம் கசிந்திருக்கிறது. அடுத்த தாளில் மின்னோட்டம் உள்ளே வரும் முனை, கசிவு விடாத டெஃப்லான் தாங்கிக்கு மாறிவிட்டது. கட்டுரையில் இதில் ஒரு வரிகூட இல்லை. தாள்களைத் தலைப்பு வாரியாகப் பிரித்திருந்தால் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்காது, அதனால்தான் அவர் கட்டிவைத்த வரிசையைக் கலைக்கவே இல்லை, மூலையில் பென்சிலால் எண் மட்டும் போட்டோம்.

மூலப் பதிவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காவலூர் வான் ஆய்வகத்தைத்தான் காட்டுவேன். அப்போது அது வட ஆற்காடு மாவட்டம். 1977 மார்ச் 10 அன்று ஒரு நட்சத்திரத்தை யுரேனஸ் கடந்து போனபோது அந்த நட்சத்திரத்தின் ஒளியை ஜவ்வாது மலையிலிருந்த 1 மீட்டர் தொலைநோக்கியில் பதிவு செய்தார்கள். எலக்ட்ரானிக்ஸிலும் தேர்ந்த வானியலாளர் ஜே.சி. பட்டாச்சார்யாவும் அதில் இருந்தார். ஒளி சற்று மங்கியதைப் பார்த்து முதலில் புதிய துணைக்கோள் என்றார்கள். அதே பதிவை மறுபடி அலசிய பிறகு அதே ஆண்டில் யுரேனஸைச் சுற்றி வளையத் தொகுதி என்று எழுதினார்கள். முடிவை மட்டும் வைத்துக்கொண்டு பதிவைத் தூக்கிப் போட்டிருந்தால் அந்த இரண்டாவது கட்டுரை ஏது?

சரி, இன்னும் பாக்கி இருப்பது 5¼ அங்குல ஃப்ளாப்பிகள். உறைமேல் அவர் கையெழுத்தில் பேசிக் (BASIC) என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராம்களின் பெயர்கள் இருக்கின்றன. வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் யாரிடமாவது ஓடுகிற பழைய டிரைவ் இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து பார்க்கிறேன்.