பிரஷர் இல்லை, சுகர் இல்லை, ஆனாலும் பக்கவாதம்

எனக்கு 42 வயது. பாபநாசம் பக்கம் விவசாயம். பிரஷர், சுகர், பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. சம்பா நடவுக்காகப் பெங்களூரிலிருந்து இரவு பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். மறுநாள் காலை பேச்சு குழறியது, வலது கையில் டம்ளர் நிற்கவில்லை.

"காத்து அடிச்சிருக்கும், எண்ணெய் தேய்ச்சுவிடு" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. என் மனைவி கேட்கவில்லை. 108-ஐக் கூப்பிட்டு நேராகத் தஞ்சாவூர் கொண்டுபோனாள். சிடி ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. நாலரை மணி நேரத்துக்குள் போய்விட்டதால் மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். சாயங்காலம் அவள் பெயரைச் சொல்ல முடிந்தது.

சரி, கட்டி எங்கிருந்து வந்தது? கழுத்து ரத்தக்குழாய் சுத்தம், 24 மணி நேர ஈசிஜியிலும் குறையில்லை. நரம்பியல் டாக்டர் அத்தோடு விடாமல் குமிழி டெஸ்ட் எழுதினார். காரணம் புரியாமல் இளவயதில் பக்கவாதம் வந்தவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். உப்புநீரில் துளி காற்றைக் கலக்கிக் கை நரம்பில் ஏற்றி, எக்கோ என்ற இதய ஸ்கேனில் பார்க்கிறார்கள். முக்கிவிட்டு மூச்சை விடச் சொன்னார்கள். இதயத்தின் வலப்பக்க அறைக்கு வரும் குமிழிகளை நுரையீரல் வடிகட்டிவிட வேண்டும். எனக்கோ சில துடிப்புக்குள்ளேயே இடப்பக்கம் வந்துவிட்டன.

தாய் வயிற்றில் எல்லோருக்கும் இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவே ஒரு திறப்பு உண்டு. பிறந்த பிறகு மூடிக்கொள்ளும். நாலு பேரில் ஒருவருக்கு முழுதாக ஒட்டுவதில்லை. மதகுப் பலகை சரியாக உட்காராத மாதிரி, அழுத்தம் கூடினால் வழி விடும். பெரும்பாலானோருக்கு ஆயுசுக்கும் தொந்தரவில்லை. எனக்கு ராத்திரி முழுக்க மடக்கி வைத்திருந்த காலில் கட்டி உண்டாகி, அந்த வழியாக மூளைக்குப் போயிருக்கலாம் என்றார்கள். ரத்த ஓட்டம் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்த்தபோது காலில் மிச்சம் எதுவும் இல்லை.

ஓட்டை இருக்கிறது என்பதற்காக மட்டும் அடைப்பதில்லை. நரம்பியல் டாக்டரும் இதய டாக்டரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுத்தார்கள். என்னைப் போல 60 வயதுக்குள் இருப்பவர்களில், வேறு காரணம் இல்லையென்றால், அடைத்தவர்களுக்கு மறுபடி பக்கவாதம் வருவது குறைவு என்று 2017-ல் வந்த ஆய்வுகள் காட்டியதாம். நெஞ்சைத் திறக்கவில்லை. தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு, நிக்கல் டைட்டானியம் கம்பி வலையாலான இரண்டு வட்டுகளை ஓட்டையின் இருபுறமும் வைத்தார்கள்.

அப்புறம் சில வாரம் படபடப்பு இருந்தது. உடனே போய் ஈசிஜி எடுத்தேன், பயப்பட ஒன்றுமில்லை. ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகள் ஓடுகின்றன. வலது விரல்களுக்கு பிசியோதெரபி உண்டு. ஆறு மாதம் கழித்து மறுபடி குமிழி டெஸ்ட். ஓட்டையில் கசிவு மிச்சமிருக்கிறதா என்று அதில்தான் பார்ப்பார்கள்.