வெண்சங்கிடம் கேட்டது

மார்ச் 3
காய்ச்சல் போய்விட்டது, மூக்கையும் கூட்டிக்கொண்டு.

மார்ச் 5
ஆண்டாளின் நாச்சியார் திருமொழி வகுப்பு. ‘கருப்பூரம் நாறுமோ’ என்றதும் பின்வரிசை சிரித்தது. ஆண்டுதோறும் சிரிக்கிற இடம்தான். நாற்றம் என்றால் அன்று மணம் என்று வழக்கம்போல விளக்கினேன். எனக்கு இப்போது இரண்டுமே இல்லை என்பதைச் சொல்லவில்லை.

மார்ச் 6
கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையில் இரண்டு முழம் மல்லிகை. அந்த அம்மா ஈரச் சாக்கை விலக்கி எடுத்து, வாழையிலைத் துண்டில் சுருட்டித் தந்தார். எல்ஆர்டி ரயிலில் முகத்தோடு அழுத்தியபடியே வந்தேன். குளிர்ச்சி மட்டும். எதிரே இருந்த சீனப் பெரியவர் புன்னகைத்தார், அவருக்கு வந்திருக்கும்.

மார்ச் 9
ஒப்பந்தக் கடிதம் வரவில்லை.

மார்ச் 11
மூக்குக்குப் பயிற்சி: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் 20 விநாடி முகர வேண்டுமாம், மாதக்கணக்கில். தைலத்துக்குக் கண்ணில் நீர் வருகிறது. அவ்வளவுதான்.

மார்ச் 12, நள்ளிரவு
நார்விச் ஜூலியன், இங்கிலாந்தின் கிறிஸ்தவ மறைஞானி. 1373 மே மாதம், 30 வயது, சாகக் கிடக்கிறாள். 16 தெய்வக் காட்சிகள். இத்தனை ஆண்டுகள் அவளுடைய கண்ணைப் பற்றியே எழுதினேன். மூக்கை விட்டுவிட்டேன். கதவு வழியே புகை, வெக்கை, துர்நாற்றம். வீடு பற்றிக்கொண்டது என்று பதறி, சுற்றி இருந்தவர்களிடம் உங்களுக்கும் நாற்றம் வருகிறதா என்று கேட்கிறாள். இல்லை என்கிறார்கள்.

ஆண்டாளும் கேட்கத்தான் செய்கிறாள், கண்ணன் வாயின் சுவையும் நாற்றமும் எப்படி என்று அவன் ஊதும் வெண்சங்கிடம். அந்த வாயைத் தொட்டது சங்கு, அவள் அல்ல. நானோ அதை அனுபவத்தின் உச்சம் என்று எழுதினேன், மெய்ப்பாடு, ரசம் என்று உணர்ச்சிகளுக்கு அட்டவணை வேறு போட்டேன். அனுபவித்தவள் எதற்காக விசாரிக்கிறாள்? பத்துப் பாட்டு முடிந்தும் சங்கு வாய் திறக்கவில்லை. என் ஆய்வேட்டின் நான்காம் இயல் தப்பு. வேலை வாங்கித் தந்த இயல்.

மார்ச் 13
பகலில் பார்த்தால் பாதிதான் தப்பு.

மார்ச் 17
சோறு அடிபிடித்துக் கருகிவிட்டது. நான் அடுப்புக்கு நான்கடி தூரத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் மாடியிலிருந்து ஓடி வந்து அணைத்தார். “உனக்குத் தெரியவில்லையா?” ஆக, நான் ஜூலியன் இல்லை. அந்த அறையில் ‘இல்லை’ என்று சொன்னவர்களில் ஒருத்தி.

மார்ச் 20
கடிதம் இல்லை. கிராம்பும் இல்லை.

மார்ச் 22
காலையில் எலுமிச்சைப் புட்டியைத் திறந்ததும் ஏதோ வந்தது. கருகிய ரப்பர் போல. அவரைக் கூப்பிட்டுப் புட்டியை நீட்டினேன். இது என்ன நாறுகிறது, சொல்லுங்கள்.