கிறிஸ்துமஸ் படம் எந்த நிமிஷத்தில் சிக்குகிறது?

டிசம்பர் பிறந்தால் வேலூரில் பாகாயம், சத்துவாச்சாரி, காட்பாடிப் பக்கத்து வீடுகளில் ஸ்டார் விளக்கோடு சேர்ந்து பரணிலிருந்து இறங்கும் இன்னொரு சாமான், பழைய டிவிடிக் கட்டு. வெளிநாட்டில் நர்சு வேலை பார்க்கும் அக்காவோ சித்தியோ லீவில் வந்தபோது கொண்டுவந்த ஆங்கிலக் காதல் நகைச்சுவைப் படங்கள் அதில் குறைந்தது இரண்டு இருக்கும். பனி கொட்டும், ஜோடி முறைத்துக்கொள்ளும், பண்டிகை ராத்திரியில் சேர்ந்துவிடும். சர்ச்சிலிருந்து வந்து கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த நேரத்தில் அது சிக்கினால் எரிச்சல்தான். 20-ம் தேதிக்குள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்த நிமிஷத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டால், பாதிக் கோளாறு அப்போதே தெரிந்துவிடும்.

லேசர் டிஸ்க்கை நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் படிக்கும். ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி அடங்கும். இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் படங்கள் பெரும்பாலும் 8.5 ஜிபி இரட்டை அடுக்கில் வரும். அடிப்பக்கம் லேசாகப் பொன்னிறம் அடித்தால் அனேகமாக அதுதான். இதில் முதல் அடுக்கு உள்ளிருந்து வெளியே போகும், இரண்டாவது அடுக்கு வெளியிலிருந்து உள்ளே திரும்பும். ஆக, படத்தின் தொடக்கமும் ஏர்போர்ட்டுக்கு ஓடும் கிளைமாக்ஸும் நடு ஓட்டைக்கு அருகே இருக்கும். நடுப்படம் விளிம்புப் பக்கம் இருக்கும். பாதியில் ஒரு நொடி நின்று தானாக நகர்ந்தால் அது கோளாறே இல்லை. லேசர் அடுக்கு மாறுகிறது. இடைவேளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடுப்படத்தில் கட்டம் கட்டமாக உடைந்து நின்றால், விளிம்பில் விரல் ரேகை அல்லது எண்ணெய்ப் பிசுக்கு. பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட், கண்ணாடி துடைக்கும் துணி, இவ்வளவு போதும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல், தகவல் பதிந்த சுருள் தடத்தோடேயே ஓடும். அடுத்தடுத்த தகவல் மொத்தமாகப் போய்விடுவதால் பிளேயரால் பிழை திருத்த முடியாது. குறுக்கே விழுந்த கீறலை அது பெரும்பாலும் சமாளித்துவிடும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் கிட்டேயே வரக் கூடாது, பிளாஸ்டிக் வெந்துபோகும். மெல்லிய கீறலுக்கு வெள்ளைப் பேஸ்ட் தேய்ப்பது டிவிடியில் சில சமயம் பலிக்கும், ஏனென்றால் தகவல் 0.6 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது. புளூ-ரேயில் அது 0.1 மி.மீ. ஆழம்தான், பேஸ்ட் தேய்த்தால் மேல்பூச்சு போய், டிஸ்க்கும் போய்விடும். பழைய விசிடிக்கு ஆபத்து மேல்பக்கத்தில்: லேபிளுக்கு அடியிலேயே உலோகப் பூச்சு இருப்பதால், அங்கே விழுந்த கீறலுக்கு மருந்து கிடையாது.

தொடக்கத்திலோ கிளைமாக்ஸிலோ மட்டும் தகராறு என்றால் டிஸ்க்கை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து நடு ஓட்டையைச் சுற்றிப் பாருங்கள். முடி போல விரிசல் தெரியும். பெட்டியின் நடுப்பல்லை அழுத்தாமல் டிஸ்க்கை நெம்பி எடுத்ததன் பலன் இது. இதற்கு ரிப்பேர் இல்லை. கம்ப்யூட்டர் டிரைவில் போடாதீர்கள், அந்த வேகத்தில் உள்ளேயே நொறுங்கலாம்.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால், வேறு டிஸ்க்கும் அப்படியே செய்தால், குற்றவாளி லென்ஸ். நம்ம ஊர்த் தூசிக்கு இது சகஜம். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, அழுத்தாமல் ஒரே சுற்று. வாயால் ஊதினால் எச்சில்தான் ஒட்டும். தட்டே திறக்கவில்லையா? உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் பெல்ட் தொய்ந்திருக்கும்.

போட்டவுடனேயே ‘ரீஜன் எரர்’ என்று வந்தால் துடைத்துப் பயனில்லை. ரீஜன் என்பது டிஸ்க் எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று போட்ட பூட்டு. டிவிடியில் அமெரிக்கா 1, பிரிட்டன் 2, இந்தியா 5. புளூ-ரேயில் முறையே ஏ, பி, சி. எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர்தான் வழி. கம்ப்யூட்டர் டிரைவில் ரீஜனை 5 தடவைதான் மாற்றலாம், அப்புறம் கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும்.

பிரிட்டனிலிருந்து வந்த டிவிடியில் இன்னொரு சந்தேகம் எழும். 2003-ல் வந்த ‘லவ் ஆக்சுவலி’ தியேட்டரில் 135 நிமிஷம். பிரிட்டனின் டிவி முறையான ‘PAL’-இல் வந்த டிவிடியில் ஏறக்குறைய 129-தான் காட்டும். யாரும் வெட்டவில்லை. நொடிக்கு 24 பிரேமில் எடுத்ததை 25 பிரேமாக ஓட்டுகிறார்கள். 4 சதவீதம் வேகம்; குரலும் ஒரு இழை கீச்சாகக் கேட்கும்.

இந்த வகைப் படத்துக்கு வசனம்தான் உயிர். காதலைச் சொல்லும் இடம் முணுமுணுப்பாகவும், அடுத்து வரும் பாட்டு காதைக் கிழிப்பதாகவும் இருந்தால் ஆடியோ மெனுவில் 5.1-ஐ (ஆறு ஸ்பீக்கருக்கான ஒலி) விட்டு ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். அது இல்லாத டிஸ்க்கில் பிளேயர் செட்டிங்கில் ‘டைனமிக் ரேஞ்ச்’, அதாவது மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்தால் சத்தம் ஒரு நிதானத்துக்கு வரும். இரண்டு டிவி ஸ்பீக்கருக்கு அதுவே தாராளம்.

பார்த்து முடித்ததும் மறுபடி பரணில் ஏற்றாதீர்கள். மொட்டை மாடிக்கு அடியில் இருக்கும் பரண் வேலூர் அக்னி நட்சத்திரத்தில் அடுப்புதான். பிளாஸ்டிக் உறை இளகி டிஸ்க்கில் ஒட்டி, பிசுபிசுவென்று ஒரு படலத்தை விட்டுவிடும். கெட்டிப் பெட்டியில் போட்டு, கீழ் அலமாரியில் புத்தகம் மாதிரி நிற்க வையுங்கள்.