தோசை படம்

இன்னைக்கு காலைல அக்கா பையன் ஃபைல்ல ஒட்டியிருந்த தோசை படத்தை டர்ர்னு பிச்சு எடுத்து நேரா வந்து என் உள்ளங்கைல வச்சான்.

அக்கா வீட்டு தோசைக்கல்லையே போட்டோ எடுத்து லேமினேட் பண்ணி பின்னாடி வெல்க்ரோ ஒட்டினது, ஓரமெல்லாம் கடிச்சு கடிச்சு நெளிஞ்சு போயிருக்கு.

பேச்சு வராத குழந்தை இப்படி படத்தை குடுத்து வேணுங்கறத கேக்குற முறைக்கு பேரு பெக்ஸ் (PECS). 1985ல அமெரிக்காவுல ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட்னு ரெண்டு பேர் ஆட்டிசம் குழந்தைகளுக்காக ஆரம்பிச்சது.

படத்தை சும்மா காட்டினா பத்தாது, கொண்டு வந்து ஒருத்தர் கைல குடுக்கணும், குடுத்த உடனே கேட்டது கிடைச்சிடணும். ஆரம்பத்துல பின்னாடி ஒருத்தர் உக்காந்து வாயே திறக்காம கையை மட்டும் புடிச்சு உதவுவாங்க. அப்போ "என்ன வேணும்"னு நாம கேக்கவே கூடாது, ஏன்னா முதல்ல ஆரம்பிக்கறது குழந்தையா இருக்கணும்.

"படம் காட்டி பழக்கினா பேச்சே வராது"ன்னு சொந்தக்காரங்க சொல்லுவாங்க, தயவுசெஞ்சு நம்பாதீங்க. ஆராய்ச்சி பண்ணவங்க பேச்சு குறைஞ்சதா பாக்கல, சில குழந்தைங்களுக்கு கூடியிருக்கு!

சென்னைல உருவான ஆவாஸ் ஆப்ல படத்தை தொட்டா அதுவே பேசும், ஆனா அதுக்கு ஐபேட் மாதிரி ஒரு கருவி வேணும். அது இல்லன்னா போட்டோவும் வெல்க்ரோவும் போதும். தெரபிஸ்ட்கிட்ட கேட்டு சீக்கிரம் ஆரம்பிங்க, பேச்சு வரட்டும்னு காத்திருக்காதீங்க.