அறுந்த காதைத் தைப்பது: தையலுக்கு முன்னும் பின்னும்

காதின் அடியில் தொங்கும் மெத்தென்ற பகுதியான காதுச் சோணையில் குருத்தெலும்பு கிடையாது. தோல், நடுவில் கொழுப்பு, கொஞ்சம் நார்த்திசு, அவ்வளவுதான். கனமான ஜிமிக்கி வருடக்கணக்கில் தொங்கினால் ஓட்டை கோடு போலக் கீழ்நோக்கி நீளும். அப்புறம் ஒரு நாள் குழந்தையின் கையோ சீப்போ மாட்டி இழுத்தால் மிச்சமும் அறுந்துவிடும்.

அன்றைக்கே அறுந்த காது என்றால் சுத்தம் செய்து உடனே தைத்துவிடலாம். பழைய கிழிசலில் அது நடக்காது. இரண்டு ஓரத்திலும் புதுத் தோல் மூடியிருக்கும்; தோலோடு தோல் ஒட்டாது. பார்லரில் பசை வைத்து ஒட்டியது பிரிந்து வருவது இதனால்தான். ஆசிட் வைப்பவர்கள் அந்தத் தோலைப் பொசுக்கிப் புண்ணாக்கி ஒட்டவைக்கப் பார்க்கிறார்கள். சின்ன ஓட்டைக்குச் சில சமயம் பலிக்கும். ஆனால் எவ்வளவு ஆழம் பொசுங்கும் என்பது கையில் இல்லை. கறுப்புத் தழும்பும் நிற்கும். நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

அறுவையில் முதல் வேலை பேனாவுக்கு. உட்காரவைத்து, இரண்டு காதையும் ஒப்பிட்டு, மரத்துப்போகும் ஊசி போடும் முன்பே கோடு வரைந்துவிட வேண்டும். மருந்து ஏறினால் சோணை உப்பி அளவு மாறிவிடும். அந்த மருந்து, அதாவது அட்ரினலின் கலந்த லிக்னோகைன், ஒரு காதுக்கு 1 மி.லி. அளவில் போதும். பிறகு கிழிசலின் இரு ஓரத் தோலையும் மெல்லிசாக, ஒரு துணுக்கும் விடாமல் சீவி எடுக்க வேண்டும். உள்ளே தோல் தங்கிவிட்டால் பின்னாளில் அங்கே கட்டி வரும். ஓட்டை மட்டும் நீண்டு, அடியில் 2, 3 மி.மீ. பாலம்தான் மிச்சம் என்றால் அதையும் வெட்டித் திறந்து முழுக் கிழிசலாக்கித் தைப்பதே நல்லது. அந்த நூல் போன்ற பாலம் எப்படியும் தாங்காது.

பிசகுவது பெரும்பாலும் சோணையின் அடி விளிம்பில். நேர்கோடாகத் தைத்தால் தழும்பு சுருங்கும்போது விளிம்பை மேலே இழுத்து, அங்கே ஒரு பள்ளம் விழும். முன்னால் நின்று பார்த்தாலே தெரியும். அதைத் தவிர்க்க விளிம்புக்கு அருகில் கோட்டை இசட் போலவோ படி போலவோ மடக்கி வெட்டுகிறார்கள். முதல் தையலையும் அந்த விளிம்பில்தான் போட வேண்டும். அது பொருந்தினால் மற்றவை தானாகப் பொருந்தும். உள்ளே தானாகக் கரையும் 5-0 நூல், வெளியே முன்னும் பின்னும் அதைவிட மெல்லிய 6-0 நைலான் நூல். தோல் ஓரங்கள் லேசாக வெளிப்பக்கம் தூக்கி நிற்க வேண்டும். அமுங்கினால் கோடு பள்ளமாக ஆறும்.

தையலை ஏழாம் நாள் வாக்கில் பிரிப்பார்கள். அதுவரை ஆயின்மென்ட், அந்தப் பக்கம் சாய்ந்து படுக்காமல் இருப்பது, ஹெல்மெட்டை இழுத்து மாட்டாமல் இருப்பது. சில மாதம் கழித்து அரிப்போடு, தழும்பின் எல்லையைத் தாண்டித் தடித்து வளர்ந்தால் அது கீலாய்டு. அதை வெட்டி மட்டும் எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வரும். டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியும் சேர வேண்டும். ஏற்கெனவே கீலாய்டு வந்த உடம்பு என்றால் தைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தென் மாவட்டங்களில் பாம்படம் என்ற கனமான காதணி போட்டு நீளமாக வளர்த்த காதுக்குக் கணக்கு வேறு. அங்கே கிழிசலை மூடினால் போதாது. நீண்ட தோல் வளையத்தில் அதிகப்படியை வெட்டிக் கழித்து, மிச்சத்தை மடித்துப் புதுச் சோணையாக வடிக்க வேண்டும். பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையே காதுச் சோணையை ஒட்ட 15 முறை சொல்கிறது. காது குத்திய ஊரில் காது அறுந்ததும் பழைய சங்கதிதான்.

மறுபடி குத்த மூன்று மாதமாவது பொறுக்கவும். கல்யாணம் வருகிறது என்று மூன்றாம் வாரமே வந்து நிற்பவர்கள் உண்டு. அந்தத் தழும்புக்கு அப்போது பலமே இருக்காது. பழைய கோட்டின் மேலேயே குத்தாமல் பக்கத்து நல்ல தோலில், விளிம்பிலிருந்து தள்ளி மேலே குத்தச் சொல்லுங்கள். முதலில் லேசான தோடு. ஜிமிக்கி போட்டே ஆக வேண்டும் என்றால் மாட்டலோடு போடுங்கள், பாரத்தில் ஒரு பங்கைக் கூந்தல் வாங்கிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.