நெவாடா சிட்டி: ஆற்றைக் காத்த ஊரின் திரைப்பட விழா

முதலில் ஊர்ப் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். நெவாடா சிட்டி இருப்பது கலிபோர்னியாவில், நெவாடா மாநிலத்தில் அல்ல. சாக்ரமெண்டோவிலிருந்து சுமார் 60 மைல். 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஆபர்ன் வரை வந்து, அங்கிருந்து 49-இல் வடக்கே திரும்ப வேண்டும். சான் பிரான்சிஸ்கோ பக்கமிருந்து வந்தால் மூன்று மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை மட்டும் கிளம்பாதீர்கள். தாஹோ ஏரிப் பக்கம் பனிச்சறுக்கப் போகிற கூட்டமும் அதே 80-இல்தான் ஊர்ந்துகொண்டிருக்கும்.

இங்கே நடக்கும் ‘வைல்ட் அண்ட் சீனிக்’ சுற்றுச்சூழல் திரைப்பட விழாவின் வேர் தெற்கு யூபா ஆறு. அதில் புது அணைகள் வரக்கூடாது என்று 1983-இல் ஊர்க்காரர்கள் ஒரு சங்கம் கண்டார்கள். பதினாறு ஆண்டு விடாமல் போராடி, 1999-இல் ஆற்றின் 39 மைல் நீளத்துக்கு மாநிலச் சட்டப் பாதுகாப்பு வாங்கினார்கள். அந்தப் பாதுகாப்புக்குச் சட்டம் வைத்த பெயரைத்தான் 2003-இல் தொடங்கிய விழாவுக்கும் சூட்டினார்கள். வாசலில் டிக்கெட் பார்ப்பது முதல் இருக்கை காட்டுவது வரை எல்லாம் தன்னார்வலர்கள்தான்.

முன்பு ஜனவரியில் நடந்தது. அண்மை ஆண்டுகளில் பிப்ரவரி நடுவில், அமெரிக்காவின் பிரசிடென்ட்ஸ் டே விடுமுறையை ஒட்டி வருகிறது. அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். இங்கே கிடைக்காவிட்டால் நான்கு மைல் தள்ளி கிராஸ் வேலியில் தேடுங்கள். குறும்படங்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து ஓர் அமர்வாகத் திரையிடுவார்கள். அரங்குகள் இரண்டு ஊர்களிலும் உண்டு. ஒரு ஊரில் அமர்வு முடிந்ததும் அடுத்த ஊரில் இன்னொன்று என்று திட்டமிட்டால், வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே முதல் படம் போய்விடும். ஒரு பகலுக்கு ஒரு ஊர் என்று வைத்துக்கொள்வது நல்லது. 1865-இல் கட்டிய நெவாடா தியேட்டர் சின்னது, அரை மணி முன்பே வரிசையில் நில்லுங்கள்.

மைனர்ஸ் ஃபவுண்ட்ரியைத் தவறவிடாதீர்கள். சுரங்கங்களுக்கு இரும்பு வார்த்த பட்டறை அது. நீர் விசையில் சுழலும் பெல்டன் சக்கரங்களில் முதலாவன இங்கேதான் வார்க்கப்பட்டன. இரண்டு கரண்டிகளைப் பக்கவாட்டில் ஒட்டியதுபோல் இருக்கும் அதன் கிண்ணங்கள். நடுவிலுள்ள கூரான வரப்பு, பாய்ந்து வரும் நீரை இரண்டாகப் பிளந்து திருப்பி அனுப்பும். 1932-இல் ஓடத் தொடங்கிய நம் பைக்காரா மின்நிலையமும் இதே வகைச் சக்கரத்தால்தான் சுழன்றது.

ஆனால் ஒரு காலைப்பொழுதையாவது படங்களிலிருந்து எடுத்து மாலகாஃப் டிகின்ஸ் பூங்காவுக்குக் கொடுங்கள். தங்கத்துக்காகப் பீரங்கி போன்ற குழாய்களால் தண்ணீர் பீய்ச்சி மலையையே கரைத்த இடம். கரைந்த சேறு ஆறுகளை மேடாக்கி, கீழே உள்ள விளைநிலங்களை மூடியது. விவசாயிகள் தொடுத்த வழக்கில் 1884-இல் நீதிபதி சாயர் அதைத் தடுத்துத் தீர்ப்பளித்தார். அந்தச் சேற்றைத் தேக்கத்தான் 1941-இல் எங்கிள்பிரைட் அணை கட்டினார்கள். மீன் ஏற வழி வைக்காததால் சால்மன் இன்றும் அதைத் தாண்டி மேலே போக முடியாது. இதை நேரில் பார்த்துவிட்டு அரங்குக்குத் திரும்பினால் ஆறு பற்றிய ஒவ்வொரு படமும் வேறாகத் தெரியும்.

அங்கே போக நார்த் புளூம்ஃபீல்ட் சாலை குறுக்குவழி என்று வரைபடச் செயலி காட்டும். அது செங்குத்தான மண்சாலை, மழையில் வழுக்கும். 49-இல் 11 மைல் போய், டைலர் ஃபூட் சாலையில் வலப்புறம் திரும்புங்கள். பனி பெய்திருந்தால் கிளம்புமுன் பூங்கா அலுவலகத்தில் கேளுங்கள். வழியில் யூபா பாலத்தில் இறங்கினால் பச்சை நிறத்தில் தெளிந்த நீர் ஆசை காட்டும். பிப்ரவரியில் கால் வைக்காதீர்கள். கருங்கல் பாறைகள் வழுக்கும், நீரின் வேகமும் குளிரும் ஆளை இழுத்துவிடும்.